தரையா, பந்தலா, மாடியா: உங்கள் வீட்டுக்கு ஏற்ற கொடிக்காய் எது?

ஆடிப் பட்டம் நெருங்கினால் விதைக் கடைகளில் சுரை, பீர்க்கன், புடல், பாகல், பூசணி எல்லாம் ஒரே வரிசையில் தொங்கும். ஐந்திலும் ஒரு பொட்டலம் வாங்கி, இருக்கிற கொஞ்ச இடத்தில் ஐந்தையும் ஊன்றி, மூன்றாம் மாதம் இலை மட்டும் மண்டிக் கிடப்பதைப் பார்த்து மனம் விட்டுப்போனவர்கள் பலர். அவர்கள் உழைப்பில் குறையில்லை, தேர்வில்தான் குறை. இவை எல்லாம் ஒரே குடும்பத்துக் கொடிகள் என்றாலும் குணம் ஒன்றல்ல. ஒன்று தரையில் ஓடும், ஒன்று பந்தல் கேட்கும். ஒன்றின் பூ விடிகாலையில் விரியும், இன்னொன்றின் பூ பொழுது சாயும்போது விரியும். ஒன்று ஐம்பது நாளில் காய் கொடுக்கும், இன்னொன்று மூன்று மாதம் காக்க வைக்கும்.

ஆகவே விதை வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: என்ன இடம் இருக்கிறது, எந்த நேரத்தில் தோட்டத்தில் நிற்க முடியும், சமையலுக்கு எது எவ்வளவு வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துவரும் இரண்டு கொடிகளை நன்றாக வளர்த்தால், அரைகுறையாக வளர்த்த ஆறு கொடிகளைவிட அதிகம் காய்க்கும்.

முதலில் இடம்

எந்தக் கொடிக்காய்க்கும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மாமரத்து நிழலிலோ, உயரமான சுற்றுச்சுவர் ஓரத்திலோ கொடி வளரும், காய்க்காது. அங்கே கீரை போடுவதே நல்லது.

*தரையில் இடம் உள்ளவர்களுக்கு: மஞ்சள் பூசணி, சாம்பல் பூசணி.* வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்தடி சும்மா கிடந்தால் பூசணிதான் முதல் தேர்வு. பந்தல் செலவில்லை. கொடி ஓடும்போது கணுக்களில் மண்ணை அணைத்துவிட்டால் அங்கேயும் வேர் பிடித்துக் கொடிக்குக் கூடுதல் வலு கிடைக்கும். இரண்டில் எது என்பதற்கு விடை சமையலறையில் இருக்கிறது. மஞ்சள் பூசணியைப் பிஞ்சிலும் பறிக்கலாம், முற்றியும் பறிக்கலாம். பூவும் இளந்தளிரும்கூடச் சமையலுக்கு ஆகும். சாம்பல் பூசணி மோர்க்குழம்புக்கும் கூட்டுக்கும் அல்வாவுக்கும் உரியது. மேலே வெள்ளைப் பொடி நன்றாகப் படர்ந்த பிறகு பறித்தால், காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் கெடாது. குளிர்பெட்டியை நம்பாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காய் இல்லை.

ரகம் பார்ப்பது இங்கே மிக முக்கியம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 மஞ்சள் பூசணி ஒவ்வொன்றும் ஏழெட்டு கிலோ வரும். கூட்டுக் குடும்பத்துக்குச் சரி. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு காயை வெட்டினால் பாதி வீணாகும். அவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை வரும் கோ 2, அல்லது பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி பொருந்தும். சூர்யமுகி சுமார் ஒரு கிலோதான். ஒரு வேளைச் சமையலோடு தீர்ந்துவிடும்.

*பந்தல் போட முடிந்தவர்களுக்கு: பீர்க்கன், புடல், பாகல், சுரை.* நான்கும் மேலே ஏறிக் காயைக் கீழே தொங்கவிடும் கொடிகள். பந்தலின் உயரமும் வலுவும்தான் இவற்றைப் பிரிக்கும்.

சுரைக்குக் கனம் தாங்கும் பந்தல் வேண்டும். இரண்டு கிலோ காய்கள் நாலைந்து சேர்ந்து தொங்கினால் சணல் கயிற்றுப் பந்தல் இறங்கிவிடும். மூங்கிலும் கம்பியும் போடுங்கள். பழைய வீடுகளில் கூரைமேல் ஏற்றிவிட்டது இதனால்தான்.

புடலுக்கு வலுவைவிட உயரம் முக்கியம். கோ 1 புடல் ஐந்தரை, ஆறு அடி நீளம் வரும் ரகம். ஆறடிப் பந்தலில் விட்டால் காய் தரையைத் தொட்டு வளையும். பிஞ்சின் நுனியில் சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டால் காய் சுருளாமல் நேராக இறங்கும். கல் நெல்லிக்காய் அளவு இருந்தால் போதும். பெரிதானால் பிஞ்சே அறுந்துவிடும். பந்தல் தாழ்வாக இருக்கும் வீட்டுக்குக் குட்டைப் புடலான கோ 2 வாங்குங்கள். ஓரடி அளவில் நின்றுவிடும், கல்லும் தேவையில்லை.

பீர்க்கனும் பாகலும் இலகுவான கொடிகள். சுவரில் அடித்த வலை, மாடிப்படிக் கைப்பிடி, வேலி எதிலும் ஏறும். முதன்முதலாகக் கொடி போடுகிறவர்கள் பீர்க்கனில் தொடங்குவது நல்லது. வேகமாக வளரும், பிஞ்சு பிடிப்பதில் சிரமம் குறைவு, தோலும் துவையலுக்கு ஆகும்.

*மொட்டை மாடிக்கு: பாகல், வெள்ளரி, பீர்க்கன்.* மாடியில் மண்ணின் அளவுதான் எல்லை. பதினெட்டு அங்குல அகலமும் ஆழமும் உள்ள வளர்ப்புப் பையில் ஒரு பையில் ஒரு செடி, அதிகம் போனால் இரண்டு. செம்மண், மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க் கழிவு மூன்றும் சம அளவு கலந்தால் மாடிக்கு ஏற்ற எடையில் இருக்கும். சுரையையும் பெரிய பூசணியையும் மாடிக்கு ஏற்றாதீர்கள். கோடை வெயிலில் அந்த அகன்ற இலைகள் குடிக்கும் தண்ணீரைப் பையிலுள்ள மண்ணால் தாங்க முடியாது. நண்பகலில் கொடி துவண்டு, பிஞ்சு உதிர்ந்துவிடும்.

*நட்டால் பல ஆண்டு நிற்க வேண்டுமென்றால்: கோவை.* கோவைக்காயை விதையிலிருந்து தொடங்க வேண்டாம். ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனி. விதை போட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. காய்க்கும் கொடியிலிருந்து பென்சில் பருமனில் ஒரு சாண் தண்டை வாங்கி ஊன்றுங்கள். ஒருமுறை வேலியில் படர்ந்துவிட்டால், வெட்டிவிட வெட்டிவிட மீண்டும் துளிர்த்துக் காய்க்கும். பராமரிக்க நேரமே இல்லாதவர்களுக்கு ஏற்ற கொடி இது.

*மலையில் இருப்பவர்களுக்கு: சௌசௌ, சுக்கினி.* கொடைக்கானல் கீழ்மலைப் பகுதிகளில் சௌசௌ பந்தல்கள் நிறைந்திருப்பதற்குக் குளிர்ந்த மலைக் காற்றே காரணம். காய் முழுவதையும் அப்படியே நட வேண்டும். உள்ளிருக்கும் ஒற்றை விதை காய்க்குள்ளேயே முளைவிடும். சமவெளி வெப்பத்தில் இதை முயல்வதில் பயனில்லை. சுக்கினி கொடி ஓடாமல் புதராக நிற்கும், விதைத்து ஐம்பது நாளுக்குள் காய்க்கும். சமவெளியில் கார்த்திகை முதல் மாசி வரையிலான குளிர் மாதங்களில் மட்டும் தொட்டியில் வளர்த்துப் பார்க்கலாம்.

அடுத்தது உங்கள் நேரம்

விதைப் பொட்டலத்தில் அச்சிடாத செய்தி இது. இந்தக் கொடிகளில் பெரும்பாலானவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேர்ந்தால்தான் பிஞ்சு நிற்கும். இல்லையேல் மஞ்சளாகி உதிரும். தரைத் தோட்டத்தில் தேனீக்கள் இதைச் செய்துவிடும். நாலாவது மாடியிலும் கட்டடங்கள் நெருங்கிய தெருவிலும் தேனீ வரத்து குறைவு. அங்கே நம் கைதான் தேனீ.

பூ விரியும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மஞ்சள் பூசணி, சாம்பல் பூசணி, பாகல், வெள்ளரி எல்லாம் காலையில் விரிபவை. பூசணிப் பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். காலை எட்டு மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். பீர்க்கன், சுரை, புடல் மூன்றும் மாலையில் விரிபவை. சுரையின் வெள்ளைப் பூவும் புடலின் சல்லடை போன்ற வெள்ளைப் பூவும் அந்திப் பூச்சிகளுக்காகவே மலர்பவை. காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்புகிறவர் மாடியில் பூசணி போட்டால் பூவைக்கூடப் பார்க்க மாட்டார். அவருக்குப் பீர்க்கன்தான் சரி. நடைப்பயிற்சிக்கு முன் தோட்டத்துக்குப் போகும் பெரியவருக்குப் பாகலும் பூசணியும் பொருந்தும்.

செய்முறை எளிது. மெல்லிய காம்பில் தனியே நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிக் காய் ஒன்றோடு வருவது பெண் பூ. அன்று விரிந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். மூன்று நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் வேலை பலித்துவிட்டது. தொடக்கத்தில் ஆண் பூக்கள் மட்டுமே வருவது இயல்பு. அதைக் கண்டு உரத்தைக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். சுரையில் தலைக்கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பெண் பூக்கள் அவற்றில்தான் அதிகம்.

இரு வேளையும் நேரம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கோவை கைச்சேர்க்கை இல்லாமலே காய்க்கும். வெள்ளரியிலும் மகரந்தச் சேர்க்கை இன்றிக் காய்க்கும் வீரிய ஒட்டு ரகங்கள் கிடைக்கின்றன. விதை விலை அதிகம், ஆனால் அடுக்குமாடி வீட்டுக்கு அது வீண்செலவு அல்ல.

பிறகு சமையலறை

சீக்கிரம் காய் வேண்டுமா, நீண்ட நாள் வேண்டுமா? வெள்ளரி ஒன்றரை மாதத்தில் தொடங்கும். பீர்க்கனும் பாகலும் இரண்டு மாதத்துக்குள், சுரையும் புடலும் ஏறக்குறைய இரண்டு மாதத்தில். முற்றிய பூசணிக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பூசணி மொத்தமாகக் கொடுத்து முடித்துவிடும். பந்தல் காய்கள் சில நாளுக்கு ஒருமுறை பறிக்கப் பறிக்கக் கொடுக்கும். ஒரு காயைக் கொடியில் முற்ற விட்டால் அடுத்த பிஞ்சுகள் குறையும். விதைக்கு ஒன்று வேண்டுமானால் பருவத்தின் கடைசியில் விடுங்கள்.

சுரை வளர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சில காய்களில் குக்கர்பிட்டேசின் என்னும் கசப்பு நச்சு ஏறிவிடும். சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழப்பே நேர்ந்திருக்கிறது. வெள்ளரிக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

தொல்லை எதில் அதிகம்?

பாகலும் பீர்க்கனும் புடலும் பழ ஈக்குப் பிடித்தவை. பிஞ்சின் தோலுக்குள் முட்டையிடும். உள்ளே புழு வைத்துக் காய் கோணிப் பழுத்துவிடும். மருந்துக்குப் போகுமுன், பிஞ்சு விரல் நீளம் வந்ததும் செய்தித்தாளைக் குழலாகச் சுற்றி மேல்முனையைக் காம்போடு கட்டிவிடுங்கள். சொத்தைக் காய்களைக் கீழே போட்டுவைக்காமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கூட்டுப்புழு அந்த மண்ணிலிருந்துதான் மறுபடி ஈயாகக் கிளம்பும்.

பூசணிக்குத் தொல்லை தொடக்கத்திலேயே வரும். சிவப்பு வண்டு விதையிலையையே சல்லடையாக்கும். விடிகாலையில் அவை மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். நாலைந்து இலை வந்துவிட்டால் கொடி தேறிவிடும். இலையில் வெண்பொடி பூத்தால் கந்தகத் தூளைத் தூவாதீர்கள். இந்தக் குடும்பத்துக் கொடிகளின் இலையை அது கருக்கிவிடும். நோய் கண்ட அடி இலைகளைக் கிள்ளி, காற்றோட்டம் கொடுத்து, புளித்த மோரைப் பத்து மடங்கு நீரில் கலந்து தெளியுங்கள்.

கொடியே வேண்டாம் என்றால்

சில தொட்டிகளுக்கு மட்டுமே இடம் உள்ள பால்கனியில் கொடியை வருத்த வேண்டாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். ஆனால் நாள்தோறும் ஒருவேளைக்கு ஆக ஏழெட்டுச் செடியாவது வேண்டும். கத்தரி காய்க்கத் தாமதமானாலும், ஓய்ந்ததும் கவாத்து செய்து உரமிட்டால் மறுபடி துளிர்க்கும். இரண்டு தொட்டிதான் என்றால் கத்தரி, ஏழெட்டு இருந்தால் வெண்டை. பால்கனியில் வெயில் குறைவென்றால் கீரை.

யாருக்கு எது: சுருக்கமாக

- கொல்லையில் இடம், பெரிய குடும்பம்: மஞ்சள் பூசணி கோ 1, சாம்பல் பூசணி
- கொல்லையில் இடம், சிறிய குடும்பம்: மஞ்சள் பூசணி கோ 2 அல்லது அர்கா சூர்யமுகி
- வலுவான பந்தல், மாலையில் நேரம்: சுரை, நீளப் புடல்
- தாழ்ந்த பந்தல், மாலையில் நேரம்: பீர்க்கன், குட்டைப் புடல்
- மொட்டை மாடி, காலையில் நேரம்: பாகல்
- அடுக்குமாடி, நேரமே இல்லை: சேர்க்கையின்றிக் காய்க்கும் வெள்ளரி
- வேலி மட்டும் உண்டு, நேரம் இல்லை: கோவை
- பால்கனி: கத்தரி, வெண்டை, கீரை

சமவெளியில் விதைக்க ஆடியும் தையும் நல்ல பட்டங்கள். முதல் பட்டத்தில் காலையில் பூக்கும் கொடி ஒன்று, மாலையில் பூக்கும் கொடி ஒன்று என்று இரண்டை மட்டும் ஊன்றுங்கள். பாகல் விதையின் ஓடு கடினம். முதல் நாள் இரவே ஊறவைத்துவிடுங்கள். குழிக்கு நான்கைந்து விதை போட்டு, இரண்டு வாரத்தில் வலுவான இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் களையுங்கள். பையானால் ஒன்று போதும். உங்கள் வீட்டுக்கு எந்த வேளை ஒத்துவருகிறது என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும்போது தேர்வில் தடுமாற்றம் இருக்காது.