உதிர்ந்த மாங்காயும் உங்கள் அடுப்பங்கரையும்

மாமரத்தில் பூக்கும் பூக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட முற்றிய காயாக நிலைப்பதில்லை. பிஞ்சிலும் காயிலும் உதிர்வது மரத்தின் இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், செண்பகத்தோப்புப் பகுதிகளில் சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மா வகைகளைப் பயிரிடும் உழவர்கள், கோடைக் காற்றுக்கும் மழைக்கும் பின் மரத்தடியில் காய்கள் கொட்டிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அடிபட்ட காய்க்குச் சந்தையில் விலை இல்லை. ஆனால் அன்றே எடுத்துத் தரம் பிரித்தால், வீட்டுக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய புளிப்பு அதிலேயே கிடைக்கும்; தோப்பில் பூச்சியும் குறையும்.

மூன்றாகப் பிரியுங்கள்

1. அடிபடாத கெட்டிக் காய்கள்: வற்றலுக்கும் ஊறுகாய்க்கும்.

2. அடிபட்டு, கெடாத காய்கள்: கன்றிய இடத்தை நீக்கிவிட்டு அன்றைய சமையலுக்கு.

3. புழு துளைத்தவை, அழுகியவை: ஆழக் குழி வெட்டிப் புதைத்து, மண்ணால் நன்கு மூட வேண்டும். பழ ஈயின் புழுக்கள் உதிர்ந்த கனிகளிலிருந்து வெளியேறி மண்ணில்தான் கூட்டுப்புழுவாகின்றன. காய்களை மரத்தடியில் விட்டுவைத்தால் பூச்சி பெருகும்.

மருந்து தெளித்த தோப்பாயின், மருந்துக் கலத்தின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் முடியும்வரை உதிர்ந்த காயை உண்ணக் கூடாது. ஊடுருவிப் பாயும் மருந்துகள் கழுவினாலும் போகா. காம்பிலிருந்து வடியும் பால் தோலைப் புண்ணாக்கும். ஆகவே காய்களை நன்கு கழுவிய பிறகே நறுக்க வேண்டும்.

முற்றாத காயைக் கல் வைத்துப் பழுக்க வைக்க முயல வேண்டாம். கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைத்த கனிகளை விற்பதற்கு 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் தடை உள்ளது.

மாங்காய்ப் பருப்புக் குழம்பு

ஐந்து பேருக்குத் தேவையானவை: துவரம்பருப்பு 150 கிராம், நடுத்தர மாங்காய் 1, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 4, மஞ்சள்தூள் சிறிது, உப்பு தேவையான அளவு, தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை.

முதலில் பருப்பை மஞ்சள்தூளுடன் குழைய வேக வைக்கவும். அதன் பிறகே மாங்காயைச் சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பருப்பு எளிதில் வேகாது. விறகும் எரிவாயுவும் வீணாகும். வெங்காயம், மிளகாய், மாங்காய்த் துண்டுகள், உப்பு சேர்த்து, துண்டுகள் மெத்தென்று ஆனதும் இறக்கித் தாளிக்கவும். புளி வேண்டுவதில்லை.

இறக்குவதற்குச் சற்று முன் ஒரு பிடி முருங்கைக்கீரை சேர்ப்பது மிக நன்று. மாங்காயிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். இரத்தச் சோகையுள்ள பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது ஏற்ற உணவு. மாங்காயை நெடுநேரம் கொதிக்க விட்டால் இச்சத்து குறைந்துவிடும்.

மாங்காய் வற்றல்

1 கிலோ துண்டுகளுக்கு 100 கிராம் கல் உப்பும் 1 தேக்கரண்டி மஞ்சள்தூளும் சேர்த்துக் குலுக்கி, பீங்கான் சாடியில் இரண்டு நாள் ஊற வைக்கவும். அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்கள் ஆகா. புளிப்பு அவற்றை அரித்துவிடும்.

மூன்றாம் நாள் துண்டுகளைப் பிழிந்து, சுத்தமான துணியில் பரப்பி வெயிலில் காய வைக்கவும். மாலையில் மீண்டும் அதே உப்பு நீரில் இடவும். நீர் முழுவதும் துண்டுகளில் ஏறும்வரை இவ்வாறு செய்து, பின்னர் ஒடித்தால் முறியும் பதத்துக்குக் காய வைக்க வேண்டும். மாங்காய்ச் சதையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீரே. எடை பெரிதும் குறைவது கண்டு தயங்க வேண்டாம். நடுவில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட வற்றலைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது, எறிந்துவிட வேண்டும்.

நன்கு ஆறிய பின் காற்றுப் புகாத சாடியில் அடைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து வந்தால் ஓராண்டு வரை வைத்துக் கொள்ளலாம். சமைக்குமுன் வற்றலை வெந்நீரில் ஊற வைத்து, அந்நீரை வடித்துவிட்டு, குழம்பில் உப்பைக் குறைத்துப் போட வேண்டும். இரத்த அழுத்தமுள்ளவர்கள் வற்றலையும் ஊறுகாயையும் அளவோடு உண்பது நலம்.

காற்றடித்த மறுநாள் காலையிலேயே காய்களைப் பொறுக்கித் தரம் பிரியுங்கள். ஒரு பொழுது தாழ்த்தினாலும் இரண்டாம் வகைக் காய் மூன்றாம் வகைக்குப் போய்விடும்.