எட்டும் தொலைவில் மருத்துவம்

நுழையும்முன்

நோய் ஒருவரை வாட்டும்போது அவரைப் பேணும் குடும்பமும் உடன் வாடுகிறது. மருத்துவமனை தொலைவில் இருப்பின் அவ்வாட்டம் இருமடங்காகிறது. மதுரையில் தோன்றிய கண் மருத்துவ நிறுவனம் ஒன்று, தொழில்நுட்பத்தின் துணையால் அத்தொலைவைக் கடந்த முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு நாள் பயணத்தின் விலை

ஆண்டிபட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உடல்நலம் உள்ளவர்க்கு அது சில மணிநேரப் பயணம். பார்வை மங்கிய மூதாட்டிக்கோ தனியே கடக்க இயலாத தொலைவு. மகனோ மருமகளோ உடன்செல்ல வேண்டும். அன்றைய கூலியை இழக்க வேண்டும். பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் இருவருக்கும் ஆகும். அதனால், ‘அறுவடை முடியட்டும்’, ‘திருவிழா கழியட்டும்’ எனப் பயணம் தள்ளிப்போகிறது. கண்புரையால் மங்கிய பார்வையை அறுவை மருத்துவத்தால் மீட்கலாம். கண்நீர் அழுத்த நோயால் இழந்த பார்வையை மீட்க இயலாது. ஆகவே, காலந்தாழ்த்துதல் நிலையான இழப்பாக முடியலாம்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக, நோயாளியின் அருகிருந்து துணைசெய்பவரையும் வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் சேர்த்துள்ளார். அத்துணைவரின் சுமையைக் குறைப்பதும் மருத்துவத்தின் கடமையே.

பார்வை மையங்கள்

முடக்குவாதத்தால் விரல்கள் கோணியபோதும் கண் அறுவை மருத்துவத்தைப் பயின்று தேர்ந்தவர் மருத்துவர் ஜி. வெங்கடசாமி (1918 – 2006). அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர்தோறும் நடந்த கண் மருத்துவ முகாம்கள் பலருக்குப் பார்வை அளித்தன. ஆயினும், முகாம் ஒருநாள் வந்து மறுநாள் சென்றுவிடும். நோயோ ஆண்டு முழுவதும் உடனிருக்கும். இக்குறையைப் போக்கச் சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் நிலையான ‘பார்வை மையங்கள்’ அமைக்கப்பட்டன.

இம்மையத்தில் கண் மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சிபெற்ற தொழில்நுட்பப் பணியாளர் பார்வைத்திறனையும் கண்நீர் அழுத்தத்தையும் அளக்கிறார். கண்ணைப் படமெடுத்து விவரங்களைக் கணினியில் பதிகிறார். தொலைவிலுள்ள மருத்துவர் அவற்றை ஆராய்ந்து, நோயாளியுடனும் உடன்வந்தவருடனும் காணொலியில் உரையாடுகிறார். கண்ணாடியோ சொட்டுமருந்தோ போதுமெனில் அங்கேயே வழங்கப்படுகிறது. அறுவை மருத்துவம் போன்ற மேல் மருத்துவம் தேவைப்படுவோர் மட்டுமே பெரிய மருத்துவமனைக்குச் செல்கின்றனர்.

அலைகற்றைப் பாலம்

தொடக்கத்தில் சிற்றூர்களில் விரைவான இணைய இணைப்பு இல்லை. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்சிக்கலுக்குத் தேனிப் பகுதியில் தீர்வு கண்டனர். வீட்டுக்குள் சில பத்து மீட்டர் தொலைவே செல்லும் ‘வைஃபை’ அலைகளை, உயர்ந்த கோபுரங்களில் பொருத்திய திசைகாட்டும் அலைவாங்கிகளால் பல கிலோமீட்டர் செல்லச் செய்தனர். தொலைவிற்கேற்ப அதன் மென்பொருளையும் மாற்றியமைத்தனர். எளிய கருவிகளைக் கொண்டே தேனி கண் மருத்துவமனையும் பார்வை மையங்களும் இணைந்தன.

திரையின் எல்லை

தொலைமருத்துவம் அனைத்திற்கும் மாற்றாகாது. வயிற்றை அழுத்திப் பார்க்கவும் புண்ணைக் கழுவவும் திரையால் இயலாது. படுக்கையில் கிடப்பவருக்குக் கைகளே தேவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பணியாளர்கள் இல்லம் சென்று மருந்து, இயன்முறை மருத்துவம், வலிதணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை வழங்குகின்றனர். திறன்பேசியை இயக்கத் தெரியாத முதியோர்க்கு உதவ இளையோரும் முன்வர வேண்டும்.

தொழில்நுட்பத்தின் பயன் அதன் வேகத்தில் மட்டும் இல்லை. ஒரு மகன் தன் கூலியை இழக்காமல் தாயின் கண்ணைக் காக்க முடிகிறது. அதுவே அதன் உண்மையான அளவுகோல்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் 2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்டன. நோயாளியின் சார்பில் அவரைப் பேணுபவரும் மருத்துவரைக் கலந்தாலோசிக்க அவை இடமளிக்கின்றன. மருத்துவர் தம் பதிவு எண்ணை மருந்துச்சீட்டில் குறிப்பிடுதல் வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில், வீட்டிலிருந்தே மருத்துவரை இலவசமாகக் கலந்தாலோசிக்கும் ‘இ-சஞ்சீவனி’ சேவை தொடங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் குடும்பத்தில் நோயுற்ற ஒருவரைப் பேணியவரிடம் உரையாடி, அவர் இழந்த நேரம், வருமானம் ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.
2. ‘திரை செய்ய இயன்றதும் இயலாததும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.