பழைய காருக்குப் புதுத் தகரம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டிங்கரிங் கற்று, நாலைந்து வருடம் பட்டறையில் கை பழகிய தம்பிகள் பலர் பழைய கார்களைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்க நினைக்கிறார்கள். நல்ல நினைப்பு. அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றது. பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்று அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இந்தக் கார்களுக்குத் தொழிற்சாலையிலிருந்து இனி ஒரு மட்கார்டுகூட வரப்போவதில்லை. அதனால் இந்தத் தொழிலில் சுத்தி பிடிக்கத் தெரிவது பாதிதான். எந்தத் தகரத்தை வாங்கலாம், எதைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம் என்று தெரிவது மறுபாதி.

முதல் காரியம், துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்த கையோடு காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வேலைக்கு வரைபடமே அதுதான். விளிம்பு மடிப்பு எத்தனை மில்லிமீட்டர், போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், பக்கவாட்டில் ஓடும் கோடு எங்கே தொடங்கி எங்கே மங்குகிறது, தண்ணீர் வடிய எத்தனை ஓட்டை என்று எல்லாக் கணக்கும் அதில் இருக்கிறது. இடது பக்கம் அரித்துப் போயிருந்தால் வலது பக்கத்தைப் பார்த்து அட்டையில் வார்ப்புரு வெட்டிக்கொள்ளலாம். இரண்டும் போன பிறகு எந்தக் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் சரியா தவறா என்று சொல்ல உங்களிடம் சாட்சி இல்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அம்பாசடரின் முன்கதவைக் கழற்றி அன்றைக்கே எடைக்குப் போட்டேன். "கம்பெனி ஐட்டம், கண்ணை மூடிக்கிட்டு மாட்டு தம்பி" என்று ஒரு கடையில் கொடுத்த கதவை மாட்டினால் கீழ்மூலை உள்ளே போகிறது, மேல்மூலை வெளியே நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கதவு இல்லை. கீலை நெம்பி, விளிம்பைத் தட்டி, மீதியைப் பட்டி போட்டு மூட மூன்று வாரம் ஆனது. அடுத்த மழைக்காலத்தில் பட்டி வெடித்தது. காரைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

காரின் எலும்பு எங்கே இருக்கிறது?

தகரம் தேடும் முன் கார் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். அம்பாசடரும் பத்மினியும் தனிச் சேஸிஸ் இல்லாத கார்கள். உடம்பே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டிபோல ஓடும் தகரமும், தரைத் தகரமும், அதன் குறுக்குச் சட்டங்களும் காரின் எடையைத் தாங்குகின்றன. அங்கே மெல்லிய தகரம் வைத்தால் அது அழகுக் குறையோடு நிற்காது. கார் நடுவில் தொய்யும், கதவு அடைபடாது, விபத்தில் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

ஹெரால்டின் கதை வேறு. 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தபோது மற்றவர்கள் பலரும் தனிச் சேஸிஸைக் கைவிட்டிருந்தார்கள். ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபுக்கு முழு உடம்பையும் ஒன்றாக அடித்துத் தர ஆள் கிடைக்கவில்லை. அவர்களுக்கு உடம்பு அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ, போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் சேஸிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைக்கும்படி காரை அமைத்தார்கள். வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அன்றைய நெருக்கடி இன்று நமக்கு வசதி. ஹெரால்டின் பல பாகங்களைக் கழற்றி மாட்டலாம், வெட்ட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் இன்றும் இதற்கு உதிரித் தகரம் விற்கிறார்கள். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் கதவும் நடுத்தூணும் அங்கே கிடைக்காது. இது தெரியாமல் பணம் அனுப்பிவிட்டால் கப்பலில் வந்ததைத் திருப்பி அனுப்ப வழி இருக்காது.

சரக்கு எங்கிருந்து வருகிறது?

சந்தையில் கிடைப்பதை நான் நான்காகப் பிரிப்பேன். முதலாவது, அந்தக் காலத்தில் தயாராகி விற்காமல் எங்கோ ஓர் ஏஜென்சியின் பரணில் தங்கிவிட்ட புதுத் தகரம். கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், மேலே துரு படிந்திருந்தாலும் பரவாயில்லை. மேல்துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். தவறான வடிவத்தை எதை வைத்துத் தேய்ப்பது?

இரண்டாவது, வேறு காரிலிருந்து கழற்றியது. சென்னைக்காரர்களுக்கு புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் உடைப்புக் கடைகள் உண்டு. என் கணக்கில் நல்ல நிலையில் கழற்றிய தகரம், புதிதாக அடித்த மட்டமான தகரத்தை விட மேல். வடிவம் தொழிற்சாலையில் பிறந்தது, அதை யாராலும் பட்டறையில் எளிதாகக் கொண்டுவர முடியாது. ஆனால் எந்த மார்க், எந்த வருடம் என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அம்பாசடர் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றாகத் தெரியும், முகப்பும் கிரில்லும் மார்க்குக்கு மார்க் மாறும்.

மூன்றாவது, பழைய அச்சுகளையே வைத்துப் புதிதாக அடிப்பது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் விட்னியில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ். எம்.ஜி.பி. கார் 1980-ல் நின்றுபோனது. அதன் முழு உடற்கூட்டை அவர்கள் 1988-ல் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து மறுபடியும் அடித்தார்கள். அந்தத் தகரத்தையும் அப்படியே மாட்டிவிட முடியாது. அச்சும் தேயும், கை வேலை கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நான்காவதுதான் நம் கைக்கு அதிகம் வருவது: ஒரு மாதிரியைப் பார்த்து லோக்கலில் அடித்தது. இதில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. கடைக்காரரின் பேச்சை வைத்துப் பிரிக்க முடியாது, கையும் கண்ணும்தான் பிரிக்கும்.

கையில் எடுத்ததும்

தகரத்தின் முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் பளபளப்பாகத்தான் இருக்கும். திருப்பி முதுகைப் பாருங்கள். அச்சில் அடித்த தகரத்தில் கோடுகள் ஒரே ஆழத்தில் போகும், மூலைகள் கூர்மையாகத் திரும்பும், ஓட்டைகள் வட்டமாக இருக்கும். கையால் மடித்ததில் கோடு ஆழமில்லாமல் மழுங்கும், வளைவில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கத்தை கிரைண்டரால் மழித்த தடம் முதுகில் தெரியும். மழித்த இடத்தில் தகரம் காகிதம்போல் ஆகியிருக்கும். அதை வாங்க வேண்டாம்.

அடுத்தது கனம். சட்டைப்பையில் ஒரு மைக்ரோமீட்டர் எப்போதும் இருக்கட்டும். அந்தத் தலைமுறை பிரிட்டிஷ் கார்களின் வெளித்தகரம் பொதுவாக 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர். 22 கேஜ் என்றால் 0.7 மட்டுமே. கேஜ் எண் கூடக் கூடக் கனம் குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள், புதியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆனால் இந்தப் பொதுக் கணக்கை நம்பி நிற்க வேண்டாம். உங்கள் காரிலேயே துரு தொடாத ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி அளந்து, அந்த எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 0.7 தகரத்தை 0.9 தகரத்தோடு வெல்டிங் வைத்தால் மெல்லியது முதலில் ஓட்டை விழும், மீதி சுருங்கி அலைபாயும். பானட் போன்ற அகலத் தகரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். ‘டொக்’ என்று உள்ளே போய் வெளியே வந்தால் அது தளர்ந்த தகரம். பெயிண்ட் அடித்த பிறகும் வெயிலில் அந்தச் சத்தம் கேட்கும்.

கறுப்புப் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம். துணியில் தின்னர் நனைத்து ஒரு மூலையில் நன்றாகத் தேயுங்கள். மின்முறையில் பூசிச் சூளையில் சுட்ட பூச்சு கரையாது, அதன் மேலேயே பிரைமர் அடிக்கலாம். துணியில் கறுப்பு ஏறினால் அது வழியில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய சாதாரணப் பெயிண்ட். அதை முழுக்க உரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கழற்றிய தகரம் என்றால் சின்னக் காந்தம் போதும். நகர்த்திக்கொண்டே போங்கள், பிடி தளரும் இடத்தில் கீழே பட்டி இருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் இணைப்புகளை ஈயம் ஊற்றி மூடுவது வழக்கம். இணைப்பில் மட்டும் காந்தம் தளர்ந்தால் அது குறையாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஈயத்தை கிரைண்டர் வைத்துப் பறக்கவிடாதீர்கள். அரத்தால் ராவுங்கள், முகமூடி போடுங்கள், சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கதவு வாங்கினால் கீழ்விளிம்பின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். தண்ணீர் தங்கும் இடம் அதுதான், துரு பிறப்பதும் அங்கேதான். தண்ணீர் வடியும் ஓட்டையே இல்லாமல் லோக்கல் கதவுகள் வருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மழைக்காலத்தில் அவை கதை முடிந்துவிடும்.

தகரத்தை நீங்களே அடிப்பதாக இருந்தால் கடையில் "சி.ஆர். ஷீட் கொடுங்க அண்ணே" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இந்தியத் தர எண் ஐ.எஸ். 513-ல் டி, டி.டி., இ.டி.டி. என்று தரங்கள் இருக்கின்றன. ஆழமான வளைவுக்கு டி.டி. அல்லது இ.டி.டி. கேளுங்கள். வளைவில் கிழியாமல் இழுபடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் வெட்டி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை வெல்டிங் வைக்கும்போது எழும் வெள்ளைப் புகை அன்று இரவே குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வைக்கும். வெல்டிங் வைக்கும் விளிம்பில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஃபைபர் மட்கார்டு, ஃபைபர் பானட் வேண்டும் என்று சில கார்க்காரர்கள் கேட்பார்கள். பந்தயக் காருக்கு அது சரி. எடை தாங்கும் இடத்துக்குக் கூடவே கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

மாட்டிப் பார்த்த பிறகே வெல்டிங்

வாங்கி வந்ததை உடனே பெயிண்டரிடம் கொடுப்பதுதான் நம் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. முதலில் வெறும் தகரமாகவே மாட்டுங்கள். கீல், லாக், கண்ணாடி, பீடிங் ரப்பர் எல்லாம் போட்டு மூடித் திறந்து பாருங்கள். சுற்றிலும் இடைவெளி சீராக 4, 5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. ரப்பர் இல்லாமல் அழகாக மூடிய கதவு ரப்பர் போட்டதும் 3 மில்லிமீட்டர் வெளியே நிற்கும்.

அம்பாசடரிலும் பத்மினியிலும் கதவுக்குக் கீழே உள்ள தகரத்தை வெட்டும் முன், கதவு வாசலுக்குள் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கார் தன் சக்கரங்களின் மேல் சமதரையில் நிற்கட்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு வெட்டினால் உடம்பு வளைந்த நிலையிலேயே புதுத் தகரம் பூட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் ஒரு பக்கம்தான்.

முழுத் தகரத்தை மாற்ற வேண்டிய அவசியமும் பல நேரம் இருப்பதில்லை. மட்கார்டின் கீழ் ஆறு அங்குலம் மட்டும் போயிருந்தால் அந்த ஆறு அங்குலத்தை மட்டும் மாற்றுங்கள். மேலே இருக்கும் அசல் வளைவைக் காப்பாற்றுவது புதிது வாங்குவதை விடச் சிறந்த வேலை. ஓரத்துக்கு ஓரம் வைத்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு பொட்டாக, சூடு ஆற விட்டு விட்டுப் பற்றவையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் நடுவில் தண்ணீர் புகுந்து அடுத்த துருவுக்கு இடம் கொடுக்கும்.

எழுதிக் கொடுங்கள்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழங்காலக் கார்களுக்குத் தனிப் பதிவு வந்தது. 50 வருடம் தாண்டிய கார்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் தருகிறார்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கார் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே நீங்கள் பொருத்தும் மட்கார்டின் வடிவம் வெறும் அழகு சம்பந்தப்பட்டதல்ல, கார்க்காரரின் பதிவையும் அது பாதிக்கலாம். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே அவர் இந்தப் பதிவுக்குப் போகப்போகிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

எஸ்டிமேட்டில் ‘பாடி வேலை’ என்று ஒற்றை வரி போடுவதை நிறுத்துங்கள். எந்தத் தகரம், எந்த வகைச் சரக்கு, என்ன கனம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பொருத்திப் பார்க்கும் உழைப்புக்குத் தனிக் கூலி போடுங்கள். விலை குறைந்த தகரத்தில் கார்க்காரர் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கும் மேல் அந்தக் கூலி ஏறும் என்பதை எண்களோடு காட்டினால், பெரும்பாலானவர்கள் நல்ல தகரத்துக்கே ஒப்புக்கொள்வார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயிண்டுக்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்தக் கார் கைமாறும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான்.

வெட்டி எடுத்த பழைய துண்டுகளுக்குப் பெயர் எழுதி, கம்பி கட்டி, வேலை முடியும் வரை ஒரு மூலையில் வைத்திருங்கள். டெலிவரி அன்று அவற்றைக் கார்க்காரரிடமே ஒப்படையுங்கள். அவை அவருடைய சொத்து.