நம்பிக்கைகளும் உண்மைகளும்: கைமாவும் ராஜ்மாவும்

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று வரிசையாக வரும் ஊர்களில், ரயில்வே பட்டறைகளை நம்பிக் குடியேறிய ஆங்கிலோ-இந்தியர் முதல், 1955-இல் பெரம்பூரில் தொடங்கப்பெற்ற ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் 1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஜீவனோபாயம் தேடி வந்த பல தேசத்தார் வரை, மாட்டிறைச்சியைக் கைமாவாக்கிச் சமைக்கும் குடும்பங்கள் அநேகம் உண்டு. அந்தக் கைமாவை வெங்காயத்தோடு வதக்கி, வெந்த ராஜ்மாவைக் கூட்டி, தக்காளிச் சாற்றில் தோய்த்து, கனத்த பாத்திரத்தில் மூடி நிதானமாக வேகவைத்து, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிவிட்டால், மேனாட்டார் காசரோல் என்று வழங்கும் பதார்த்தம் சித்தமாகிவிடும். வயிறு நிறையும், செலவும் ஆட்டுக்கறிக்கு ஆவதைவிட வெகுவாகக் குறையும். ஆயினும் இதைச் சமைக்கப் புகுவோரின் அச்சமெல்லாம் இறைச்சியின் மீதே குவிந்திருக்க, அலட்சியமெல்லாம் பயற்றின்மீது சென்று விழுவதைப் பார்க்கும்போது, இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலொழிய இந்தச் சமையல் சீர்ப்படாது என்றே சொல்லத் தோன்றுகிறது.

முதலில், மாட்டுக்கறி வாங்குவதே சட்ட விரோதம் என்ற பிரமை. பத்திரிகைகளில் வரும் வடதேசத்துச் செய்திகளைப் படித்துவிட்டு, கறிக்கடைப் பையை மடித்து மறைத்துக்கொண்டு வீடு திரும்புவோரும் உண்டு. தமிழ்நாட்டில் நடைமுறையிலிருப்பது 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் தகுதியற்றுப்போன மாடுகளை, உரிய அதிகாரியின் சான்றிதழ் பெற்று அறுக்க அது இடம் தருகிறது. 1976-இல் பிறந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுக்கலாகாதென்று விலக்கிற்று; ஆகவே கடையில் முறைப்படி விற்கப்படுவது எருமையும் எருதும் காளையுமே. 2017 மே மாதத்தில், கால்நடைச் சந்தைகளில் அறுப்புக்கென்று மாடு விற்பதைத் தடுத்து மத்திய அரசு விதிகளை வெளியிட்டபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்மாத இறுதிக்குள்ளேயே அவற்றை நிறுத்திவைத்தது; ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுத்திவைப்பை நாடு முழுமைக்கும் விரித்தது. சட்டம் விலக்காததை வாடகை வீட்டுச் சொந்தக்காரர் விலக்குவது வேறு சங்கதி. ‘சைவருக்கு மட்டும்’ என்ற பலகை தொங்கும் தெருக்களைப் பற்றி இங்கே விஸ்தரித்தால், அடுப்பில் இருப்பது அடிப்பிடித்துவிடும்.

அந்தப் பத்து வயது நிபந்தனையில் சமையற்காரர் கவனிக்கத்தக்க ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிராணிக்கு வயது ஏற ஏற, அதன் தசைநார்களைப் பிணைக்கும் இணைப்புத்திசுவில் குறுக்குப் பிணைப்புகள் இறுகி, எளிதில் கரையாத வன்மையை அடைகின்றன. ஏர் இழுத்தும் வண்டி இழுத்தும் உழைத்த எருதின் தொடைக்கறியைத் துண்டாகப் போட்டால் குக்கர் எத்தனை விசில் விட்டாலும் பல்லுக்குப் பிடிகொடாமல் நிற்பது இதனால்தான். ‘மாட்டுக்கறி வேகவே வேகாது’ என்ற வசனம் துண்டுக்கறியைப் பொறுத்தமட்டில் ஓரளவு மெய்யே. ஆனால் கைமாவில் அந்த நார்களை இயந்திரமே அறுத்துவிடுகிறது. பப்பாளிக்காயை அரைத்துப் பூசுவதும் இரவெல்லாம் தயிரில் ஊறவைப்பதும் இங்கே வீண் வேலை. பப்பாளி மிஞ்சினால் கறி கூழாகிவிடும். தோய்த்துச் சமைக்கும் இந்தப் பதார்த்தத்துக்கு நம்மூர் முற்றிய கறியே ஏற்றது என்பது எம் அபிப்பிராயம். இளங்கன்றின் கறியில் இந்தக் கனத்த ருசி வாராது.

உஷ்ணம் என்னும் குற்றச்சாட்டும் நெடுநாளையது. புரதம் மிகுந்த எந்த உணவையும் செரிப்பதற்குத் தேகம் சற்று அதிகமாகச் சக்தியைச் செலவிடுகிறது. உண்ட புரதத்தின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அவ்வழியே வெப்பமாகக் கழிகிறது. கோழிக்கும் மீனுக்கும் முட்டைக்கும் இது பொது. மாட்டுக்கறிக்கென்று தனியாக ஒரு சூடு இல்லை.

கைமாவில் அஞ்சத்தக்கது ஒன்றே, அதுவும் பலர் அஞ்சாதது. முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பிலேயே தங்கும். அரைக்கும்போதோ மேற்பரப்பு உள்ளும் உள் வெளியுமாகப் புரண்டு, கிருமிகள் எங்கும் பரவிவிடுகின்றன. இதை உணராமல், கைமாவை வடிதட்டில் கொட்டி மஞ்சள் தூவி மூன்று தண்ணீர் அலசினால் சுத்தமாகிவிடுமென்று நம்புவோர் அநேகர். அலசுவதால் கறியின் சாரமும் கொழுப்பும் சாக்கடையில் இறங்க, தெறிக்கும் நீர் தொட்டியையும் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லிக் கட்டையும் அசுத்தப்படுத்துவதுதான் மிச்சம். ‘பாய், இந்தத் துண்டைக் கொழுப்பு நீக்கி, மெஷினைக் கழுவிட்டு அரைச்சுக் குடுங்க’ என்று நின்று வாங்கி, அன்றைக்கே சமைப்பதும், நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொடும்படி வேகவிடுவதுமே பரிகாரம். நிறம் மாறிவிட்டால் வெந்துவிட்டது என்ற கணக்கும் செல்லாது; சில கறி அந்த உஷ்ணத்தை எட்டுமுன்பே பழுப்பாகும், சில எட்டிய பின்பும் சிவப்புக் காட்டும். நம் வழக்கப்படி கொதிக்கும் மசாலாவில் நெடுநேரம் கிடக்கும் கைமாவைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். அரைவேக்காட்டு வடைபோலத் தட்டி பர்கர் செய்யப் புறப்படும் இளைஞர்கள்தான் வெப்பமானி வாங்க வேண்டும்.

இனிப் பயற்றுக்கு வருவோம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த ராஜ்மாவின் விதையில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் இருக்கிறது. இதை அளக்கும் அலகில் பச்சைச் சிவப்பு ராஜ்மா 20,000 முதல் 70,000 வரை காட்டும்; நன்கு வெந்ததோ 200 முதல் 400 வரையே காட்டும். நாலைந்து பச்சை விதைகளே போதும், ஒன்று முதல் மூன்று மணிநேரத்துக்குள் குமட்டலும் கடும் வாந்தியும் பின்னர்ப் பேதியும் உண்டாக. 1976-இல் இங்கிலாந்தில், உல்லாசப் பயணம் சென்ற பள்ளி மாணவர் சிலர் இரவு ஊறவைத்த ராஜ்மாவை வேகவைக்காமல் தின்று நோயுற்ற பின்னரே இவ்விஷயம் அந்நாட்டு மருத்துவர் கவனத்துக்கு வந்தது. ‘ஊறினாலே போதும், சுண்டலுக்கு முளைகட்டுவதில்லையா?’ என்று கேட்பவர்கள், பாசிப்பயற்றுக்குரிய நியாயத்தை ராஜ்மாவுக்கு நீட்டுகிறார்கள்.

இதைவிட அபாயகரமான நம்பிக்கை, மெல்லிய தீயில் நெடுநேரம் வைப்பதே எல்லாவற்றையும் பக்குவப்படுத்தும் என்பது. கொதிநிலையைத் தொடாமல், 80 டிகிரி அளவில் மணிக்கணக்காகப் புழுங்கும் ராஜ்மாவில் அந்த நஞ்சு அழியாததோடு, பச்சை விதையில் இருந்ததைக் காட்டிலும் பன்மடங்கு வீரியம் பெறுவதும் உண்டு. இப்பொழுது சில வீடுகளில் புகுந்திருக்கும் மின்சார ‘ஸ்லோ குக்க’ரில் உலர்ந்த விதையையும் கைமாவையும் ஒன்றாகக் கொட்டி மூடிவிட்டு அலுவலகத்துக்குப் புறப்படுவோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். ஐந்து மணிநேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். நம் பிரஷர் குக்கர் இவ்விஷயத்தில் மேனாட்டு மண்சட்டியைவிட மேலானது. அதனுள்ளே நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுவதால், ஊறிய விதை விரைவில் பஞ்சாக வெந்து, நஞ்சும் தொலைகிறது.

ஊறிய நீரைக் கொட்டினால் சத்து போய்விடுமே என்று அங்கலாய்ப்பவர்களுக்கு: கொஞ்சம் போகும், கூடவே வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளும் போகும். பேரம் நமக்கு லாபகரமானதே.

உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பாட்டிமார் சொல்லி வந்ததை எத்தனை பேர் வேதவாக்காகக் கொண்டிருக்கிறார்கள்! விதைத்தோலிலுள்ள பெக்டினை இறுக்கிப் பிடித்திருப்பவை கால்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தில் புகுந்து தோலைத் தளர்த்துவதால், ஊறும் நீரில் உப்பிடுவது வேகுவதற்குத் துணையே அன்றித் தடை அன்று. உண்மையான பகைவர் இருவர். ஒருவர் புளிப்பு: தக்காளியையோ புளியையோ விதை வேகுமுன் சேர்த்தால் அது கடினப்பட்டுப்போகும், பாட்டியின் குழம்பில் உப்பும் புளியும் சேர்ந்தே விழுந்தபடியால், குற்றம் செய்யாத உப்பு தண்டனை அடைந்தது என்று ஊகிக்கலாம். மற்றவர் நம் தெருவிலேயே இருக்கிறார். ஏரியை ஒட்டிய கொரட்டூரில் போர் தண்ணீரையே நம்பியிருக்கும் வீடுகளில், வாளியில் வெள்ளைப் படிவும் குழாயில் உப்புப் பொருக்கும் காணப்படுமாயின், அந்நீரிலுள்ள கால்சியம் பயற்றையும் சும்மா விடாது. நாலு விசிலுக்குப் பிறகும் கல்லாகக் கிடக்கும் ராஜ்மாவைப் பார்த்துப் ‘பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்’ என்று மளிகைக்கடைக்காரரை வைவதற்கு முன், மெட்ரோ தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ ஒருமுறை ஊறவைத்து வேகவைத்துப் பார்ப்பது நியாயம். நெடுங்காலம் புழுக்கத்தில் கிடந்த சரக்கும் வேகாதுதான். எனினும் சந்தேகத்தின் பலனை அவருக்கு முதலில் அளிக்கலாம். சோடா உப்பு ஒரு சிட்டிகை இட்டால் விரைவில் வேகும். ஆனால் பி1 வைட்டமினைக் கெடுக்கும்.

கறி இருக்கும்போது பயறு எதற்கு, அது ஏழைகள் அளவைப் பெருக்கும் உபாயம்தானே என்று இளப்பமாகப் பேசுவோரும் உளர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். பயற்றில் இரும்பு இருந்தும், அதிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அதைப் பற்றிக்கொள்வதால் குடல் அதில் சொற்பமே கிரகிக்கிறது. அத்தோடு இறைச்சி சேர்ந்தாலோ, இறைச்சியின் இரும்பு எளிதில் உறிஞ்சப்படுவது ஒருபுறமிருக்க, பயற்றின் இரும்பும் கூடுதலாகக் கிரகிக்கப்படுகிறது. தக்காளியின் வைட்டமின் சி-யும் அதே திசையில் தள்ளுகிறது. கால் கிலோ உலர்ந்த ராஜ்மாவுக்கு அரைக் கிலோ கைமா தாராளம்; கால் கிலோ போட்டாலும் இந்தப் பயன் அறவே அற்றுப்போகாது. சில்லி என்னும் கறியை 1977-இல் தம் மாநில உணவாகப் பிரகடனம் செய்த டெக்ஸாஸில் அதில் பயறு சேர்ப்பதையே அபசாரமென்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு மாட்டுக்குக் குறைவில்லை, நம் வீட்டுக் கணக்கு வேறு.

கறியை முதலில் வறுத்தால் சாறு உள்ளே அடைபடும் என்பது 1847-இல் லீபிக் என்ற ஜெர்மானிய இரசாயன சாஸ்திரி கிளப்பிவிட்டது. வறுத்த துண்டிலிருந்தும் சாறு கசிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உலகம் இதை நம்பி வந்திருக்கிறது. வறுப்பதன் பயன் மணமும் நிறமுமே. நீர் வற்றி, கைமா தன் கொழுப்பிலேயே பொரியும் ஓசை கேட்கும்வரை பொறுத்தால் அது கிட்டும். காசரோல் வைக்க ‘ஓவன்’ அடுப்பு இல்லையே என்ற வருத்தமும் தேவையற்றது. கனத்த அடியுள்ள பாத்திரத்தைத் தோசைக்கல்லின் மேலேற்றி, மூடிச் சிறுதீயில் முக்கால்மணி நேரம் வைத்தால் போதும்.

கடைசியாக, மீந்ததைப் பற்றி. ‘நன்றாகக் கொதித்த குழம்பு ராத்திரி வெளியிலிருந்தால் என்ன, காலையில் சுண்டவைத்துக்கொள்ளலாம்’ என்பது நம் வீடுகளில் வெகுகாலமாக வழங்கும் தைரியம். கறியும் பயறும் கலந்த கெட்டியான பதார்த்தம் பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும்போது, கொதியில் சாகாது தப்பிய கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்னும் கிருமியின் வித்துகள் முளைத்துப் பெருகுவதற்கு அதைவிடச் சௌகரியமான இடம் இல்லை. சுண்டவைத்தால் அவை மடியலாம், வேறு சில கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சோ சூட்டுக்கு மசியாது. ஆறும்வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாகாது என்று காத்திருப்பதும் சென்னை வெயிலில் தவறு. ஆழமற்ற இரண்டு மூன்று தட்டுப் பாத்திரங்களில் பிரித்து, கோடையில் ஒரு மணிநேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கும்போது, மேலேயிருக்கும் உருளைக்கிழங்குப் படலம் நடுப்பகுதிக்குச் சூடு எட்டாமல் மறிக்கும். ஆகையால், அழகு கெட்டாலும், அதை உடைத்துக் கிளறிவிட வேண்டும்.