விரலுக்கேற்ற வீக்கம்: பியானோ பயிலும் மாணவியருக்கு



“விரலுக்கேற்ற வீக்கம்” என்பது செலவைக் குறித்து நம் முன்னோர் சொன்ன பழமொழி. பியானோ வகுப்பிலோ அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விரலுக்கு ஏற்ற உருப்படி அமைந்தால் இசை வளரும். அமையாவிட்டால் கையும் நோகும், மனமும் நோகும்.

இதை நாம் ஒரு தவறு செய்தே கற்றுக்கொண்டோம். மூன்றாண்டு பயின்ற மாணவி ஒருத்தி, லிஸ்ட் இயற்றிய ‘லீபெஸ்ட்ராம்’ மூன்றாம் உருப்படியைக் கைபேசியில் கேட்டு மயங்கி, அதையே வாசிப்பேன் என்றாள். வீட்டாரும் விரும்பினர், நாமும் இசைந்தோம். முதற் பக்கம் இனிதாகவே வந்தது. ஆனால் அந்த உருப்படியில் இரண்டு இடங்களில் சிறு சுரங்கள் மழைபோலக் கொட்டும். நடுப்பகுதியில் இரு கைகளும் தாவித் தாவிச் செல்ல வேண்டும். ஐந்து மாதம் உழைத்தும், பெற்றோர் தின மேடையில் நடுவழியில் நின்றுவிட்டாள். பிறகு பல வாரம் அவள் பியானோ மூடியைத் திறக்கவே இல்லை. பிழை அவளுடையதன்று, தேர்ந்தெடுத்துக் கொடுத்த நம்முடையது. அதனால்தான் இக்கட்டுரை.

ரொமான்டிக் காலம் என்று நாம் சொல்வது ஏறத்தாழ 19-ஆம் நூற்றாண்டு. உணர்ச்சிக்கு முதலிடம் தந்த காலம் அது. அந்த நூற்றாண்டில் பியானோவும் மாறியது. 1821-இல் எரார் பதிவு செய்த புதிய பொறியமைப்பினால் ஒரே கட்டையை மிக விரைவாகத் திரும்பத் திரும்ப அழுத்த முடிந்தது. இரும்புச் சட்டம் வந்ததால் கம்பிகளை முன்னிலும் இறுக்கமாகக் கட்ட முடிந்தது, ஒலி பெருகியது. கட்டைகளும் கூடிக்கூடி 88 ஆயின. லிஸ்ட் போன்றோர் அந்தப் பெரிய கருவிக்கும் தம்முடைய தேர்ந்த கைகளுக்கும் ஏற்றபடி எழுதினார்கள். அவற்றைப் பன்னிரண்டு வயதுக் கையால் வாசிக்க முனைவது, அண்ணனின் சட்டையைத் தம்பிக்கு மாட்டுவது போன்றது.

ஆயினும் மனம் தளர வேண்டாம். அதே காலத்தில் பியானோ வீடுகளுக்குள்ளும் புகுந்தது. பெரிய இசைமேதைகளே பிள்ளைகளுக்கென்று அழகிய உருப்படிகள் எழுதினர். நாம் தேட வேண்டியது அங்கேதான்.

முதலில் ஷூமன். தம் மூத்த மகள் மரீயின் ஏழாவது பிறந்த நாளுக்காகச் சில சிறு உருப்படிகள் எழுதத் தொடங்கி, 1848-இல் ‘இளையோர் ஆல்பம்’ என்ற தொகுதியை முடித்தார். அதில் 43 உருப்படிகள் உண்டு. எளியவை முன்னும் கடினமானவை பின்னுமாக அமைந்துள்ளன. ‘மெட்டு’ என்னும் முதல் உருப்படி, சுரங்களை அறுபடாமல் இழைக்கக் கற்றுத்தரும். ‘போர்வீரர் நடை’ இரு கைகளும் ஒன்றாக விழப் பழக்கும். ‘மகிழ்ச்சியான உழவன்’ பாட்டை இடக்கைக்குக் கொடுக்கிறது. ‘முரட்டுக் குதிரைக்காரன்’ வலக்கையில் பாடி, பின் இடக்கைக்கு மாறி, மீண்டும் வலக்கைக்கே வருகிறது. ‘முதல் இழப்பு’ சில வரிகளே. ஆனால் துயரத்தை அடங்கிய குரலில் சொல்லும் பயிற்சி அதில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அவரே 1838-இல் எழுதிய ‘சிறுபிள்ளைக் காட்சிகள்’ என்ற 13 உருப்படிகளின் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. அவை குழந்தைப் பருவத்தைப் பெரியவர் நினைத்துப் பார்ப்பவை. அதிலுள்ள ‘டிராய்மெரை’ மெதுவானதே. ஆனால் விரல்களை அகல விரித்து, பல குரல்களைத் தனித்தனியே பாட வைக்க வேண்டும். மெதுவானதெல்லாம் எளிதன்று.

ஷூமனின் வாழ்வே நமக்கு ஒரு பாடம். பெரிய பியானோ கலைஞராக வர எண்ணிய அவர், இளமையிலேயே வலக்கை விரல் பழுதுற்று அந்த எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. மேடைப் புகழ் பெற்றவர் அவருடைய மனைவி கிளாரா. 11 வயதில் லைப்சிக் நகரில் தம் பெயரில் கச்சேரி செய்தவர். கணவர் 1856-இல் மறைந்த பின் பிள்ளைகளை வளர்க்கக் கச்சேரி வருவாயையே நம்பியவர். கை வலித்தால் உடனே நிறுத்துங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது அப்பியாசமன்று.

அடுத்தவர் புர்க்முல்லர். அவருடைய ஓபஸ் 100 என்ற 25 பயிற்சிகள் சிறு கைகளின் அளவை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு திறமையை வளர்க்கும். ‘அராபெஸ்க்’ முதலில் வலக்கை விரல்களையும் பின்பு இடக்கை விரல்களையும் ஓட வைக்கும். ‘பாலாட்’ இடக்கையில் கதை சொல்லும். ‘ஆவே மரியா’வில் விரைவு இல்லை, பாடகர் குழுபோல எல்லாக் குரல்களும் மென்மையாகச் சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

சைக்கோவ்ஸ்கி 1878-இல் தம் மருமகனுக்குக் காணிக்கையாக்கிய ‘சிறுவர் ஆல்பம்’ 24 உருப்படிகள் கொண்டது. காலை ஜெபத்தில் தொடங்குகிறது. பொம்மைக்கு நோய் வருகிறது. அதற்கு அடக்கமும் நடக்கிறது. பின்பு புதுப் பொம்மை வருகிறது. ‘நோயுற்ற பொம்மை’யில் சுரங்கள் மிகக் குறைவு. ஆனால் இடையிலுள்ள மௌனங்களைப் பொறுமையாகக் காத்திராமல் அதை வாசிக்க முடியாது.

இவற்றைக் கடந்தவர்கள் கிரீக் எழுதிய ‘லிரிக்’ உருப்படிகளுக்கு வரலாம். பத்துத் தொகுதிகளில் 66 உள்ளன. முதல் தொகுதியின் ‘அரியெட்டா’விலிருந்து தொடங்குவது நலம். சோப்பினையும் அணுகலாம். ஓபஸ் 28-இல் உள்ள ஏழாம் பிரெலூட் 16 பார்களே. ஆனால் பன்னிரண்டாம் பாரில் சிறு கைக்கு எட்டாத பெரிய கார்ட் ஒன்று உண்டு. அதைக் கீழிருந்து மேலாக விரித்து வாசிக்கலாம். நான்காம் பிரெலூட் 25 பார்கள். வலக்கை ஓரிரு சுரங்களில் ஏங்க, இடக்கைக் கார்ட்கள் மூச்சுப்போல மெல்ல ஒலிக்க வேண்டும். 1849-இல் பாரிஸ் மதலேன் ஆலயத்தில் சோப்பினின் அடக்கச் சடங்கின்போது இதையே ஆர்கனில் வாசித்தார்கள்.

இனி, எந்த உருப்படியையும் எடுக்குமுன் நாம் செய்ய வேண்டிய சோதனைகள்:

1. முதல் வரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மிகக் கடினமான பார் எது என்று தேடி, அதை முதலில் வாசித்துப் பாருங்கள்.

2. மிக அகலமான கார்டில் கையை வையுங்கள். மணிக்கட்டு இறுகினால் அது இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று. சிறிய கை குறையன்று. அதற்கேற்ற உருப்படிகள் நிறைய உண்டு.

3. ஒரு பக்கத்தை மிக மெதுவாக இரு கைகளாலும் வாசியுங்கள். ஒவ்வொரு வரியிலும் நாலைந்து முறை நிற்க நேர்ந்தால் தள்ளி வையுங்கள்.

4. பெடல் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். பிறகு கார்ட் மாறும்போதெல்லாம் பெடலையும் மாற்றுங்கள். விரலின் பிழையைப் பெடலால் மறைக்க முடியாது, காது கண்டுபிடித்துவிடும்.

5. ஒரே நேரத்தில் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். எளிதானது ஒன்று, தகுதிக்கு உரியது ஒன்று, சற்றே மேலானது ஒன்று. முதலாவது மகிழ்ச்சிக்கு, இரண்டாவது மேடைக்கு, மூன்றாவது வளர்ச்சிக்கு.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். விருந்தினர் முன் பெரிய உருப்படியைத் தட்டுத்தடுமாறி வாசிப்பதைவிட, சிறிய ஒன்றை நிறைவாக வாசிப்பதே பெருமை. அடுத்த வீட்டுப் பிள்ளை எந்தக் கிரேடு என்று கேட்காதீர்கள். இன்று எதை வாசித்தாய், எனக்கு வாசித்துக் காட்டு என்று கேளுங்கள்.

அந்த மாணவிக்கு நாம் ‘முதல் இழப்பு’ உருப்படியைக் கொடுத்தோம். ஒரு பக்கம்தானே என்று முகம் சுளித்தாள். இரண்டு வாரத்தில் தானாகவே மாலையில் வந்து மூடியைத் திறந்தாள். அடுத்துச் சோப்பினின் நான்காம் பிரெலூட். இவ்வாண்டு மேடையில் அதை வாசித்து முடித்தபோது, கைதட்டுவதற்கு முன் அரங்கில் சிறிது நேரம் ஓசையே இல்லை. அந்த மௌனம்தான் அவளுக்குக் கிடைத்த பரிசு.

லிஸ்டின் புத்தகத்தை நாம் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. அவள் பெயர் எழுதிய உறைக்குள் இசையறை அலமாரியில் இருக்கிறது. விரல் வளரும், அதற்கேற்ற நாளும் வரும்.