மூப்பில் எலும்பும் தசையும்: இரவுண்ணா இல்லத்தார்க்கு ஒரு பாடம்

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட நம் குடும்பங்கள் பல இன்று மயிலை, தியாகராய நகர், அடையாறு எனச் சென்னை மாநகரில் நிலைபெற்றுவிட்டன. ஊரில் இருந்த நம் பாட்டன்மார் கழனியிலும் களத்திலும் பாடுபட்டனர். பாட்டியர் கிணற்று நீர் இறைத்தனர், உரலில் இடித்தனர், நடுப்பகல் வெயிலில் வடகம் காயவைத்தனர். உடற்பயிற்சி என ஒன்று தனியே அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நாம் மின்தூக்கி உள்ள அடுக்ககங்களில் மூப்படைகின்றோம்.

சென்ற ஆண்டு மார்கழியில், மயிலையில் வாழும் என் பெரியம்மா விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வயது 76. பெரிய வீழ்ச்சி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இடுப்பை ஒட்டிய தொடையெலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. அறுவை மருத்துவம் நன்கு முடிந்தது. ஆனால் பார்க்க வந்தவர்களுள் ஒருவர், "இரவிலும் உண்பதில்லை, முட்டையும் தொடுவதில்லை, எலும்புக்கு வலு எங்கிருந்து வரும்?" என்று கேட்டுச் சென்றார். அச்சொல் முறிவைக் காட்டிலும் அவரை வருத்திற்று. நோன்புதான் குற்றவாளியா என்பதை நாம் அமைதியாக ஆராய வேண்டும்.

எலும்பு உயிரற்ற கல் அன்று. பழைய எலும்பை அரித்தெடுக்கும் அணுக்களும் புதிதாகக் கட்டும் அணுக்களும் அதனுள் இடையறாது தொழிற்படுகின்றன. ஏறத்தாழ 30 வயது வரை கட்டுதல் மிகுதி; பின்னர் அரித்தல் சிறிது சிறிதாக மேலோங்குகிறது. பெண்டிர்க்கு மாதவிலக்கு நின்றபின் வரும் சில ஆண்டுகளில் இவ்விழப்பு விரைந்து நடைபெறும். ஆடவர்க்கு மெதுவாக நிகழினும் 70 வயதுக்கு மேல் அவர்களும் விலக்கல்லர். தசையின் கதையும் இதுவே. முதுமையில் தசை தேய்வதற்கு 1989ஆம் ஆண்டில் சார்க்கோபீனியா என்று மருத்துவர் பெயரிட்டனர். தசை தளர்ந்தவர் தடுமாறி விழுகிறார். எலும்பு மெலிந்தவர் விழுந்தவுடன் முறிவுறுகிறார். ஆகவே இரண்டையும் சேர்த்தே காக்க வேண்டும்.

இனி உணவைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்கு 1200. முட்டையின்றி இதனைப் பெறுவது கடினமன்று. 200 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உள்ளது. 100 கிராம் கேழ்வரகில் 340க்கு மேல். எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கொள்ளு ஆகியவையும் நம் சமையலறைக்குப் புதியவை அல்ல. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இருவேளை பால், ஒரு கிண்ணம் தயிர், சிறிது எள்ளுப்பொடி என்றமைந்தால் தேவையின் பெரும்பகுதி நிறைவேறிவிடும். ஊறுகாயும் அப்பளமும் மிகுந்தால் உப்பின் வழியே சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் கழியும் என்பதையும் கருதுக.

உண்மையான குறை புரதத்தில்தான். 50 கிலோ எடையுள்ள முதியவர்க்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் நன்று. என் பெரியம்மாவின் உணவைக் கேட்டறிந்தேன்: காலையில் இரண்டு இட்டிலி, நண்பகலில் இரசம் சோறும் நீர்மோரும், மாலை 5 மணிக்கு மீண்டும் இரண்டு இட்டிலியும் காப்பியும். இதில் 20 கிராம் புரதம் தேறுவதும் அரிது. "வயதாகிவிட்டது, இதுவே போதும்" என்று தாமாகக் குறைத்துக்கொண்டது இது. எந்த ஆகமமும் விதித்ததன்று.

சென்னையில் கார்த்திகை மாதத்தில் மாலை 5.40 மணி அளவில் ஞாயிறு மறைந்துவிடுகிறது. அதற்கு முன் உண்டவர் மறுநாள் காலை வரை 14 மணி நேரம் வெறுவயிற்றுடன் இருக்கிறார். ஆதலின் அந்த மாலையுணவைச் சிற்றுண்டியாகக் கருதலாகாது. அதுவே முழு உணவாதல் வேண்டும். 30 கிராம் பருப்பிலோ கொண்டைக்கடலையிலோ 6 முதல் 7 கிராம் புரதம் உண்டு. ஒரு குவளைப் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. அடை, பயற்றுக் கஞ்சி, சுண்டல் ஆகியவற்றுள் ஒன்று மாலையில் இருக்கட்டும். துவிதள விதியைக் காத்துப் பருப்பையும் தயிரையும் சேர்த்துண்ணாத இல்லங்களில் நண்பகலில் தயிர், மாலையில் பருப்பு எனப் பிரித்துக்கொள்ளலாம். அட்டமி, சதுர்த்தசிகளில் உபவாசம் இருப்போர் பாரணை நாளில் வெறும் கஞ்சியோடு நின்றுவிடாமல் பாலும் பயறும் கொள்ளல் வேண்டும். நீரிழிவுக்கு மருந்துண்போர் உபவாசத்திற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்க.

உண்ட சுண்ணாம்பு உடலில் சேர்வதற்கு வைட்டமின் டி வேண்டும். நாகேஸ்வரராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் காலை 6 மணிக்கு நடப்போர் பலர், தமக்கு வெயில் போதிய அளவு கிடைப்பதாக எண்ணுகின்றனர். நடை நன்றே, ஆனால் அவ்விளவெயிலில் இச்சத்து உண்டாவதில்லை. சென்னையை ஒத்த அட்சரேகையிலுள்ள திருப்பதியில் ஆராய்ந்த மருத்துவர்கள், முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலே பயன் தருவது எனக் கண்டனர். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளை என நினைவிற் கொள்ளலாம். கண்ணாடிச் சன்னலுக்குள் அமர்ந்து காய்வதாலும் பயனில்லை. வேண்டிய கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். சித்திரை வெயிலில் முதியோர் மாடியேறுவது ஆபத்து. மார்கழி, தை மாதங்களில் கையும் முகமும் படச் சிறிது நேரம் நிற்பது எளிது.

குருதிச் சோதனையில் குறை தெரிந்தால் மருந்து வேண்டியதே. இங்கே நம்மவர்க்கு ஓர் ஐயம் எழும், அது நியாயமானதும்கூட. மாத்திரைகளுள் சில சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்படுபவை. உறைகளுள் பல விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனவை. டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் நெய்ப்பசையிலிருந்து வருவது. பாசியினத்திலிருந்து எடுத்ததும் உண்டு. டி2 காளான், ஈஸ்ட் வழியது. மருந்துக் கடையில் வினவித் தெரிந்துகொள்வதில் நாணம் வேண்டா. ஆனால் 60,000 யூனிட் அளவுள்ள டி மருந்தை மருத்துவர் குறித்த வாரங்களுக்கு மேல் தாமாகத் தொடர்வது சிறுநீரகத்திற்குக் கேடு. பி12 குறைந்தாலும் பாதம் மரத்து நடை தள்ளாடும். மெட்பார்மின் உண்போர் இதனைச் சோதித்துக்கொள்வது நலம்.

உணவு மட்டும் தசையை வளர்க்காது. தசை வேலை கேட்கும். முனிவர்களின் 28 மூலகுணங்களுள் நின்றவாறே உண்ணும் ஸ்திதிபோஜனமும் ஒன்று. கால்களின் வலிமைக்கு அவர்கள் வாழ்வில் இருந்த இடத்தை இதனால் உணரலாம். நாமோ தரையில் அமர்வதையே விட்டுவிட்டோம். கோயிலில் அமர்ந்து, வணங்கி, எழுந்து நின்று காயோத்சர்க்கம் செய்த பெரியவர்கள் அறியாமலேயே தொடைத் தசையைப் பேணினர். இன்று நாற்காலியில் தொடங்குவோம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து அமர 12 வினாடிக்கு மேலானால் தசைத் தளர்ச்சியை ஐயுறலாம் என ஆசிய மருத்துவக் குழு ஒன்று 2019இல் வரையறுத்தது. அச்சோதனையையே நாள்தோறும் பத்து முறை செய்தால் பயிற்சியாகிவிடும். சுவரைப் பற்றிக் குதிகால் உயர்த்தி நிற்றல், ஒரு மாடியேனும் படியேறுதல் ஆகியவற்றையும் சேர்க்கலாம். மூட்டுவலி உடையோர் மருத்துவரைக் கேட்டுச் செய்க.

முதியோர் மருத்துவத்தில் சென்னை முன்னோடி நகரம். அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978இல் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் கிங் ஆய்வக வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அடையாற்றினர்க்கு அது மிக அண்மை. 65 கடந்த பெண்டிரும், சிறு வீழ்ச்சியிலேயே முறிவுற்றோரும், நெடுங்காலம் ஸ்டீராய்டு உண்டோரும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

என் பெரியம்மா இப்பொழுது கைத்தடியுடன் நடக்கிறார். குளியலறையில் பிடிகம்பி பொருத்தியாயிற்று. மாலை 5 மணிக்கு அடையும் பாலும் உண்கிறார். ஞாயிறு மறைந்தபின் நீரும் அருந்துவதில்லை, முன்போலவே.