வேகமாக ஓடிய கடிகாரம்

கேம்பல் பே ஒரு சிறிய ஊர். கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. 1969 முதல் இங்கே முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்தன.

அப்படி வந்த ஒருவரின் மகள் இங்கே டீக்கடை நடத்துகிறார். அவர் கையில் இருப்பது அப்பாவின் எச்.எம்.டி. கடிகாரம். தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய கடிகாரம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. வீடு போயிற்று. சாமான்கள் போயின. மேட்டுக்கு ஓடித் தப்பிய அப்பாவின் கையில் இந்தக் கடிகாரம் இருந்தது. அதுதான் மிஞ்சியது. இப்போது அப்பாவும் இல்லை.

ஒரு வாரமாகக் கடிகாரம் சரியில்லை. முன்பு நாளுக்கு ஒரு நிமிடம்தான் முன்னே பின்னே ஓடும். இப்போது நாளுக்கு 20 நிமிடம் முந்தியது. தினமும் குத்துமதிப்பாக முள்ளைப் பின்னால் தள்ளி வைத்தார். ஒரு நாள் அதிகமாகத் தள்ளிவிட்டார். கப்பலுக்குப் போக வேண்டிய ஒருவர் அந்த மணியை நம்பி உட்கார்ந்துவிட்டார். கடைசி நேரத்தில் ஓடித்தான் கப்பலைப் பிடித்தார்.

பக்கத்துக் கடைத் தம்பியின் யோசனை

மறு வாரம் முள்ளைத் தொடாமல் விட்டார். இரண்டு நாளில் 40 நிமிடம் முந்திவிட்டது. பக்கத்துக் கடைத் தம்பி தரையில் நிழலைப் பார்த்தார்.

"அக்கா, நிழல் காலடிக்கு வந்துடுச்சு. உச்சி வேளை. உங்க வாட்சும் 12 மணிதான் காட்டுது. வாட்ச் சரியாத்தான் ஓடுது" என்றார்.

"இல்லை தம்பி. செல்போனில் 11.20தான் ஆகுது" என்றார் அக்கா.

"அப்படின்னா பின்மூடியைத் திறந்து ஏதாவது நகர்த்திப் பார்ப்போம். இல்லாட்டி பேட்டரி வாட்ச் ஒன்று வாங்கிக்கோங்க. இதைத் தூக்கிப் போடுங்க."

அக்கா இரண்டையும் செய்யவில்லை. வாட்ச் பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போனார்.

நிழல் சொல்வது வேறு மணி

பெரியவர் முதலில் நிழல் கணக்கைச் சொன்னார்.

"இந்தியா முழுவதும் ஒரே மணிதான் அம்மா. அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கத்துச் சூரியனை வைத்துக் கணக்கிட்ட மணி. நாம் அதற்கு ரொம்பக் கிழக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் சுமார் 45 நிமிடம் முந்தி வருகிறது. அதனால் இங்கே உச்சி வேளை 11 மணிக்கும் 11.30க்கும் நடுவில் வந்துவிடும். நிழலைப் பார்த்து வாட்சைத் திருத்தக் கூடாது. வானொலி மணியோ செல்போன் மணியோ பார்த்துத்தான் திருத்த வேண்டும்."

வேகம் எப்படிக் கூடுகிறது?

கடிகாரத்துக்குள் பேலன்ஸ் சக்கரம் என்ற சிறிய சக்கரம் உண்டு. அது இப்படியும் அப்படியும் ஆடும். அதை ஆட்டி வைப்பது ஹேர் ஸ்பிரிங். முடி போன்ற மெல்லிய கம்பிச் சுருள் அது. பழைய சாவிக் கடிகாரங்கள் பல மணிக்கு 18,000 முறை துடிக்கும். அதாவது நொடிக்கு 5 துடிப்பு.

அது 18,250 ஆனால் என்ன ஆகும்? மணிக்கு 250 துடிப்புதான் கூடுதல். அதற்கே கடிகாரம் நாளுக்கு 20 நிமிடம் முந்திவிடும்.

துடிப்பு ஏன் கூடுகிறது? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். கயிறு நீளமாக இருந்தால் மெதுவாக ஆடும். குட்டையாக இருந்தால் வேகமாக ஆடும். ஹேர் ஸ்பிரிங்கும் அப்படித்தான். அதன் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் குட்டையானது போல் ஆகிவிடும். உடனே வேகம் கூடும்.

சுற்றுகள் ஒட்ட மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, காந்தம் ஏறுவது. இரண்டு, எண்ணெய் படுவது. மூன்று, கீழே விழுந்து சுருள் சிக்கிக்கொள்வது.

பெரியவர் கேட்ட கேள்விகள்

"வாட்ச் கீழே விழுந்ததா அம்மா?"

"இல்லை அய்யா."

"யாராவது திறந்து எண்ணெய் விட்டார்களா?"

"இல்லை."

"ராத்திரி எங்கே கழற்றி வைக்கிறாய்?"

அக்கா யோசித்தார். "போன வாரம் மகன் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வாங்கி வந்தான். அதன் மேலேதான் வைக்கிறேன்."

பெரியவர் சிரித்தார். ஸ்பீக்கருக்குள் வலுவான காந்தம் இருக்கும். அவர் ஒரு சிறிய திசைகாட்டியை மேசையில் வைத்தார். கடிகாரத்தை மெதுவாக அருகில் கொண்டு போனார். திசைகாட்டியின் ஊசி சட்டென்று விலகியது. கடிகாரத்தில் காந்தம் ஏறியிருக்கிறது என்று தெரிந்தது.

அவரிடம் காந்தம் நீக்கும் கருவி இருந்தது. அதற்குள் ஒரு கம்பிச் சுருள். அதில் வீட்டு மின்சாரம் ஓடும். கடிகாரத்தை அதன் மேல் வைத்தார். மின்சாரம் ஓடும்போதே கடிகாரத்தை மெல்ல மெல்லத் தூர விலக்கினார். பிறகுதான் சுவிட்சை அணைத்தார். கடிகாரம் அருகில் இருக்கும்போதே அணைத்தால் காந்தம் போகாமல் நின்றுவிடலாம்.

வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. புதுப் பாகம் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் அக்கா வானொலி மணியோடு ஒப்பிட்டார். வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை.

"வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு சிறிய நெம்பி இருக்கிறது. காந்தம் இருக்கும்போது அதை நகர்த்தியிருந்தால் ஒரு தவறு இரண்டாகியிருக்கும். முதலில் காரணம். பிறகுதான் கை வைக்க வேண்டும்" என்றார் பெரியவர்.

தெரிந்துகொள்வோம்

எச்.எம்.டி. அரசு நிறுவனம். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆனாலும் அந்தக் கடிகாரங்கள் பல வீடுகளில் இன்றும் ஓடுகின்றன.

நினைவில் கொள்வோம்

1. கடிகாரத்தை ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள். காந்தப் பட்டன் உள்ள கைப்பை, செல்போன் உறை அருகிலும் வேண்டாம். ஒரு சாண் தூரம் தள்ளி வையுங்கள்.
2. நாளுக்கு எத்தனை நிமிடம் முந்துகிறது என்று மூன்று நாள் எழுதி வையுங்கள். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.
3. நாளுக்கு ஓரிரு நிமிடம் என்றால் நெம்பியைத் திருத்தினால் போதும். திடீரென்று பல நிமிடம் முந்தினால் காந்தமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.
4. பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். உப்புக் காற்றும் தூசியும் உள்ளே போய்விடும்.

பயிற்சி

1. கேம்பல் பேயில் நிழலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினால் என்ன ஆகும்?
2. ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்ட மூன்று காரணங்களை எழுதுங்கள்.
3. ஒரு கடிகாரம் நாளுக்கு 20 நிமிடம் முந்துகிறது. திங்கள் காலை 8 மணிக்குச் சரியாக வைத்தோம். வியாழன் காலை 8 மணிக்கு அது எத்தனை மணி காட்டும்?
4. உங்கள் வீட்டில் காந்தம் உள்ள பொருள்கள் எவை? பட்டியல் எழுதுங்கள்.